குழந்தைகளின் கவனக்குறைபாடு: பெற்றோர் கேட்பவையும் பதில்களும்

“ஓரிடத்தில் உட்காரமாட்டேன் என்கிறான்.” “பத்து முறை கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லை.” “தெரிந்த கணக்கையே தப்பாகப் போட்டுவிட்டு வருகிறாள்.” ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அடுத்த மூச்சிலேயே மருந்து கொடுக்கலாமா, கூடாதா என்ற வாதத்துக்குப் போய்விடுகிறது. குழந்தை எங்கே, எப்போது, எதில் தடுமாறுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அந்த வாதத்தில் இறங்கிப் பயனில்லை. ஆகவே கண்டறிவது பற்றிய கேள்விகளுக்கு இங்கே கூடுதல் இடம்.

எல்லாக் குழந்தைகளும் துறுதுறுவென்றுதானே இருக்கிறார்கள்? இதைக் குறைபாடு என்று எப்படிச் சொல்வது?

துறுதுறுப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டைப் பல நாடுகளின் மருத்துவர்கள் அளவுகோலாகக் கொள்கிறார்கள். கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகள், அமைதியின்மைக்கும் அவசரத்தனத்துக்கும் சேர்த்து 9 அறிகுறிகள் அதில் உள்ளன. ஏதாவது ஒரு தொகுதியிலாவது 6 அறிகுறிகள், வயதுக்கு மீறிய அளவில், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். பலரும் கோட்டைவிடுவது கடைசி நிபந்தனையைத்தான்: படிப்பு, நட்பு, வீட்டு வாழ்க்கை இவற்றில் ஏதாவது ஒன்றை அது கண்கூடாகப் பாதித்திருக்க வேண்டும்.

எட்டு வயதுக் குழந்தை ஒன்று பத்துக் கழித்தல் கணக்குகளுடன் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்றும் சரி. நான்காவதற்கு நடுவில் பென்சில் சீவ எழுந்து, சீவலை ஊதிவிட்டு, ஜன்னலோரம் நின்றுவிட்டுத் திரும்புகிறது. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டியிருக்கிறது. ஏழாவது விட்டுப்போயிற்று. அதே கணக்குகளைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாயால் கேட்டால், அத்தனைக்கும் விடை சொல்கிறது. ஒரு நாள் இப்படி நடந்தால் களைப்பாக இருக்கும். மாதக்கணக்கில், எல்லாப் பாடத்திலும், காலையில் சட்டை போட்டுக் கிளம்புவதிலும் இதே கதை என்றால் விசாரிக்க வேண்டிய விஷயம்.

மணிக்கணக்கில் வீடியோ கேம் ஆடுகிறானே, அவனுக்கா கவனக்குறைபாடு?

இருக்கலாம். இந்தக் குழந்தைகளிடம் கவனம் என்பதே கிடையாது என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. கவனத்தை வேண்டிய இடத்தில் வைக்கவும், வேண்டியபோது அங்கிருந்து எடுக்கவும் முடியாமல் திணறுவதுதான் அவர்களுடைய சிக்கல். வீடியோ கேமில் சில விநாடிக்கு ஒரு முறை ஏதாவது ஒரு பரிசு வந்துகொண்டே இருக்கிறது. மனத்தை இழுத்துப் பிடிக்கும் வேலையைத் திரையே பார்த்துக்கொள்கிறது. வீட்டுப்பாடத்துக்கான பலன் நாளைக்கோ ஆண்டு இறுதியிலோதான் வரும். “கேம் ஆட முடிகிறது, படிக்க மட்டும் முடியவில்லையா?” என்ற குத்தல் நியாயம்போலத் தோன்றும். நியாயமில்லை. ஒரு குழந்தை திரைமுன் அசையாமல் உட்காருவது குறைபாடு உண்டு என்பதற்கும் சான்றாகாது, இல்லை என்பதற்கும் சான்றாகாது.

ரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன், ஏதாவது எடுத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடாதா?

தெரியாது. ஏடிஎச்டியை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தக் குழந்தைகளின் மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) அதன் உச்சத் தடிப்பை எட்டுவது மற்றவர்களைவிடச் சராசரியாக மூன்று ஆண்டுகள் தாமதமாகிறது என்று காட்டியது. அது பெருங்கூட்டத்தின் சராசரி. ஒரு தனிக் குழந்தையின் படத்தை வைத்துக்கொண்டு ஆம், இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்கேன் படத்தில் வண்ணங்களைக் காட்டி விளக்கம் சொல்லிப் பெரிய தொகை கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கண்டறிவது நிதானமான விசாரணையில்தான். கர்ப்ப காலம், பிரசவம், நடக்கவும் பேசவும் தொடங்கிய வயது, தூக்கம், குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே சுபாவம் உண்டா என்பதெல்லாம் கேட்கப்படும். கானர்ஸ், வாண்டர்பில்ட் போன்ற வினாப்பட்டியல்களைப் பெற்றோர் ஒரு பிரதி, ஆசிரியர் ஒரு பிரதி என்று நிரப்ப வேண்டியிருக்கும். அந்த மதிப்பெண் வழிகாட்டும், தீர்ப்பு சொல்லாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிய இடம், புதிய மனிதர், மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர் என்றால் எப்பேர்ப்பட்ட சுட்டியும் இருபது நிமிடம் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து “இவனுக்கு ஒன்றுமில்லை” என்று அனுப்புவதும் தவறு. பத்து நிமிடத்தில் மருந்துச்சீட்டு எழுதிக் கொடுப்பதும் தவறு.

வேறு ஏதாவது காரணத்தாலும் இப்படி இருக்கலாமா?

கண்டறிதலில் பாதி வேலை இதுதான்.

காதிலிருந்து தொடங்கலாம். நடுக்காதில் நீர் கோத்திருக்கும் குழந்தை பாதிச் சொற்களைத் தவறவிடும். வகுப்பில் அதன் பெயர் “கவனிக்காத பிள்ளை”. பார்வைக் குறையும் அப்படித்தான். தூக்கத்தையும் கேட்க வேண்டும். அடினாய்டு, டான்சில் வீக்கத்தால் வாயால் மூச்சுவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கும் குழந்தை பகலில் சோர்ந்து கிடப்பதற்குப் பதிலாக ஆட்டம் போடும். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் கொட்டாவி விடுவார்கள், சின்னக் குழந்தைகள் எகிறிக் குதிப்பார்கள். ஆகவே “இரவில் குறட்டை உண்டா?” என்று கேட்காத மதிப்பீடு அரைகுறை.

வலிப்பில் ஒரு வகை உண்டு. உடல் வெட்டி இழுக்காது, கீழே விழாது. பேச்சின் நடுவே பத்து விநாடிபோலக் கண்கள் நிலைகுத்தி, அழைத்தாலும் தொட்டாலும் பதிலில்லாமல் இருந்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு நாளில் பல முறை இது வரலாம். பகற்கனவு காண்பவளைத் தோளில் தட்டினால் திரும்பிவிடுவாள், வலிப்பில் இருப்பவள் திரும்பமாட்டாள். சந்தேகம் இருந்தால் மருத்துவர் குழந்தையை மூன்று நிமிடம் வேகமாக மூச்சு ஊதச் சொல்லிப் பார்ப்பார். பலருக்கு அப்போதே அது வந்துவிடும். பிறகு மூளை மின்னலை வரைபடம் எடுப்பார்கள். இதற்கான சிகிச்சை முற்றிலும் வேறு.

கற்றல் குறைபாடு இன்னொரு பெரிய வேஷக்காரன். எழுத்துகளே பிடிபடாத குழந்தைக்கு வாசிப்பு வகுப்பில் கவனம் எங்கிருந்து வரும்? கதை சொல்லும்போது கண் கொட்டாமல் கேட்டுவிட்டு, புத்தகத்தைத் திறந்ததும் நெளிகிறது என்றால் முதலில் வாசிப்பைத்தான் சோதிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் அடிக்கடி நடப்பது. பதற்றம், வீட்டில் ஓயாத சண்டை, அண்மையில் நேர்ந்த இழப்பு, பள்ளியில் சக மாணவர்களின் கொடுமை, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, வேறு நோய்க்காகச் சாப்பிடும் மருந்து என்று பட்டியல் நீளும்.

பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று, வகுப்பில் குழந்தையின் வயது. சேர்க்கைக் கெடுதேதிக்குச் சற்று முன்பு பிறந்து, வகுப்பிலேயே இளையவர்களாக இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் சூட்டப்படுவது அதிகம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆறு வயதில் பதினோரு மாத வித்தியாசம் சாதாரணமில்லை. மருத்துவரிடம் பிறந்த தேதியோடு, வகுப்பில் அவன் மூத்தவனா இளையவனா என்பதையும் சொல்லுங்கள்.

பெண் குழந்தைகளுக்கும் வருமா?

வரும். கண்டுபிடிக்கப்படுவதுதான் குறைவு. மருத்துவரிடம் வருபவர்களில் பையன்களே பல மடங்கு அதிகம். அவர்கள் ஓடுகிறார்கள், மேசைமேல் ஏறுகிறார்கள், ஆசிரியர் புகார் அனுப்புகிறார். ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்து, பாதிப் பாடத்தைத் தவறவிட்டு, நோட்டைத் தொலைத்து, இரவு பதினொரு மணிவரை அழுதுகொண்டே வீட்டுப்பாடம் முடிக்கும் பெண்ணைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. “நல்ல பிள்ளை, கொஞ்சம் மந்தம்” என்று முத்திரை குத்திவிடுவார்கள். பதின்பருவத்தில் மனச்சோர்வுக்காகவோ பதற்றத்துக்காகவோ மருத்துவரிடம் போகும்போதுதான் அடியில் கிடப்பது தெரியவருகிறது.

மூன்று வயதிலேயே பார்த்துவிடலாமா?

பொறுங்கள். மூன்று வயதில் ஓடுவதும் குறுக்கே பேசுவதும் அந்த வயதின் வேலை. நான்கு வயதுக்கு முன் நம்பிக்கையோடு சொல்வது கடினம். பேச்சு தாமதம், கண்ணைப் பார்க்காமை, எந்நேரமும் காயம்பட்டுக்கொள்ளும் அளவுக்கு ஆபத்தான பாய்ச்சல் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கள் வளர்ப்பில்தான் கோளாறா?

இல்லை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளின்படி இதில் மரபின் பங்கு 70 சதவீதத்துக்கும் மேல். ஒற்றை மரபணு ஒன்று கிடையாது. சிறிய செல்வாக்குள்ள பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை. குறைமாதப் பிரசவம், மிகக் குறைந்த பிறப்பு எடை, ஈயத்தின் பாதிப்பு ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன. செல்லம் கொடுத்ததாலோ அடிக்காமல் விட்டதாலோ இது வருவதில்லை. “அடியாத மாடு படியாது” என்று யோசனை சொல்ல வீட்டுக்கு ஒரு பெரியவர் இருப்பார். அடி இந்தக் குழந்தைகளைத் திருத்தாது. கோபத்தையும் பொய்யையும் கூட்டும். வளர்ப்பு முறையால் குறைபாடு உண்டாவதில்லை என்றாலும், அதனுடன் வாழ்வது எளிதாவதும் கடினமாவதும் வீட்டின் போக்கைப் பொறுத்ததுதான்.

சர்க்கரையை நிறுத்தினால் அடங்குவானா?

சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றுவதில்லை என்பது 1995-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஓர் ஆய்வு வேடிக்கையானது. குழந்தைகள் அனைவருக்கும் சர்க்கரை இல்லாத பானத்தையே கொடுத்துவிட்டு, பாதி அம்மாக்களிடம் மட்டும் “சர்க்கரை கொடுத்திருக்கிறோம்” என்றார்கள். அந்த அம்மாக்களின் கண்ணுக்குத் தங்கள் பிள்ளைகள் அதிகம் ஆட்டம் போடுவதாகத் தெரிந்தது. பல்லுக்காகவும் எடைக்காகவும் இனிப்பைக் குறையுங்கள், கவனத்துக்காக வேண்டாம். செயற்கை வண்ணங்களின் கதை சற்று வேறு: 2007-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில் சிறிய விளைவு தெரிந்தது. அதையொட்டி 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஆறு வண்ணங்களுக்கு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. தவிர்ப்பதில் நஷ்டமில்லை. அதையே சிகிச்சையாக நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

சிகிச்சை மருந்தில்தான் தொடங்குமா?

வயதைப் பொறுத்தது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலில் வருவது பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி. அதற்கு மேற்பட்ட வயதில், தொல்லையின் தீவிரத்தைப் பார்த்து, பயிற்சியும் பள்ளி மாற்றங்களும் மருந்தும் சேர்த்துத் தீர்மானிக்கப்படும்.

இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்காவில் 579 குழந்தைகளை வைத்து நடத்தி 1999-இல் முடிவு வெளியிட்ட பெரிய ஆய்வு. கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, தனியான நடத்தைப் பயிற்சியைவிட மூல அறிகுறிகளை நன்றாகக் குறைத்தது. இரண்டும் சேர்ந்தபோது பெற்றோர் திருப்தி, பதற்றம் போன்றவற்றில் கூடுதல் பலன் கிடைத்தது. மருந்து ஆதரவாளர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். மூன்றாம் ஆண்டில் மறுபடி பார்த்தபோது குழுக்களுக்கிடையே வேறுபாடு மறைந்துவிட்டிருந்தது; இதை எதிர்ப்பாளர்கள் மட்டும் சொல்வார்கள். ஆரம்பத்தில் மாதாமாதம் நடந்த கண்காணிப்பு 14 மாதங்களுக்குப் பிறகு நின்றுபோனதும், குடும்பங்கள் விருப்பம்போல் சிகிச்சையை மாற்றிக்கொண்டதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எப்படிப் பார்த்தாலும், மருந்துச்சீட்டோடு மறந்துவிடும் சிகிச்சைக்கு இந்த ஆய்வில் ஆதரவு இல்லை.

நடத்தைப் பயிற்சி என்றால் குழந்தைக்கு என்ன சொல்லிக் கொடுப்பார்கள்?

பயிற்சி பெரும்பாலும் உங்களுக்குத்தான். கொஞ்சம் எரிச்சல் தரும் விஷயம் இது. “மாடிக்குப் போய் சாக்ஸை எடுத்துக்கொண்டு, பையில் டைரியை வைத்து, வரும்போது விளக்கை அணைத்துவிட்டு வா” என்கிறீர்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால், ஒரு சாக்ஸைக் கையில் மாட்டிப் பொம்மலாட்டம் நடந்துகொண்டிருக்கிறது. நான்கு கட்டளைகளில் மூன்று வழியிலேயே உதிர்ந்துவிட்டன. அருகில் போய், பெயர் சொல்லி, கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு வேலையைச் சொல்வது; முடித்த அந்த நொடியே பாராட்டுவது; பாராட்டில் “சமர்த்து” என்பதைவிட “சொன்னதும் சாக்ஸ் எடுத்துவந்துவிட்டாயே” என்று செயலைக் குறிப்பிடுவது. கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். நாள் முழுக்கத் திட்டே வாங்கிப் பழகிய குழந்தையிடம் இது செய்யும் வேலை அற்பமானதில்லை.

நல்ல செயலுக்குப் புள்ளி கொடுத்து, புள்ளி சேர்ந்தால் பரிசு தரும் புள்ளி அட்டவணை போடுவார்கள். பரிசு அன்றைக்கே கிடைக்க வேண்டும். மாதக் கடைசி சைக்கிள் என்ற வாக்குறுதி இவர்களிடம் செல்லாது. பரிசு பழகிப்போனதும் சலிக்கும், மாற்ற வேண்டும். சின்னக் குறும்புகளைக் கண்டுகொள்ளாமல் விடவும், உண்மையில் ஆபத்தானவற்றுக்கு மட்டும் முன்பே சொல்லிவைத்த சிறிய தண்டனை கொடுக்கவும் பழக்குவார்கள். முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாக நடக்கும், பிறகு வீடு பழையபடி ஆகிவிடும். அந்த இடத்தில் கைவிடாமல் பயிற்சியாளரிடம் திரும்பிப் போகும் குடும்பங்களுக்குத்தான் பலன்.

மருந்து என்ன செய்கிறது?

1937-இல் சார்லஸ் பிராட்லி என்ற அமெரிக்க மருத்துவர், பரிசோதனை ஒன்றால் தலைவலி வந்த குழந்தைகளுக்கு ஆம்ஃபெட்டமின் வகை மருந்தான பென்சட்ரினைக் கொடுத்தார். தலைவலி பெரிதாகத் தீரவில்லை. பிள்ளைகள் பாடத்தில் திடீரென்று தேறினார்கள். அந்தக் குழந்தைகளே அதற்குக் “கணக்கு மாத்திரை” என்று பெயர் வைத்தார்களாம். இன்றைக்கு முதலில் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் 1944-இல் உருவாக்கப்பட்டது. மூளையில் டோபமின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்கள் நரம்பிணைப்பில் கூடுதல் நேரம் தங்கும்படி அது செய்கிறது. விளைவு அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தெரியும். சாதாரண மாத்திரை மூன்று, நான்கு மணி நேரம் நிற்கும். மெதுவாகக் கரையும் வகை 8 முதல் 12 மணி நேரம்.

இந்த மருந்து உடலுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அட்டோமாக்ஸெட்டின் உண்டு. அது முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் “வேலை செய்யவில்லை” என்று நிறுத்திவிடக் கூடாது. குவான்ஃபசின், குளோனிடின் ஆகியவை இன்னொரு வகை. தூக்கம் வரவழைக்கும். இவற்றைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும்.

எந்த மருந்தும் ஒழுக்கத்தையோ வாய்ப்பாட்டையோ கற்றுத்தராது. கற்றுக்கொள்ள உட்கார வைக்கும், அவ்வளவுதான்.

பக்கவிளைவுகள்?

மெத்தில்ஃபெனிடேட்டில் அதிகம் காண்பது பசியின்மை. மதியச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வரும். மாத்திரைக்கு முன் காலையில் வயிறு நிறையக் கொடுத்து, மருந்தின் வேகம் இறங்கிய பின் இரவில் இன்னொரு முறை கொடுத்துச் சமாளிக்கலாம். தூக்கம் தள்ளிப்போவது, வயிற்றுவலி, தலைவலி, மாலையில் எரிந்து விழுவது ஆகியவையும் உண்டு. இவற்றில் பல, அளவையோ நேரத்தையோ மாற்றினால் சரியாகும். ஆண்டுக்கணக்கில் விடாமல் எடுப்பவர்களின் உயரம் ஓரிரு சென்டிமீட்டர் குறையலாம். ஆகவே உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது குறித்து வைக்க வேண்டும். குழந்தைக்கு இதயநோய் இருந்தாலோ, ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தாலோ தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

குழந்தை பொம்மைபோல் ஆகி, சிரிப்பு மறைந்து, தானே தன்னுள் சுருங்கினால் அது மருந்து நன்றாக வேலை செய்வதன் அடையாளம் ஆகாது. அளவு கூடிவிட்டது, அல்லது மருந்து ஒத்துவரவில்லை. வகுப்பு அமைதியாகிவிட்டதென்று ஆசிரியர் மகிழ்ந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த மருந்தானாலும், தற்கொலை பற்றிய பேச்சோ, இல்லாததைக் கண்டதாகச் சொல்வதோ வந்தால் அன்றைக்கே தொடர்புகொள்ள வேண்டும்.

பின்னாளில் போதைக்கு அடிமையாகிவிடமாட்டானா?

மருத்துவர் சொன்ன அளவில் எடுப்பது போதைப் பழக்கத்தைக் கூட்டுவதாக நீண்டகால ஆய்வுகள் காட்டவில்லை. சிகிச்சையே இல்லாமல் விடப்படும் ஏடிஎச்டிதான் அந்த அபாயத்தைக் கூட்டுகிறது. ஆனால் மாத்திரைகள் பெரியவர் கையில் பூட்டி இருக்கட்டும். பதின்பருவத்தில் நண்பர்கள் தேர்வுக்கு முன் கேட்டு வாங்குவது உலகெங்கும் நடக்கிறது.

பள்ளியிடம் என்ன கேட்கலாம்?

முன் வரிசையில், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி ஓர் இடம். நீண்ட வேலையைத் துண்டு துண்டாகக் கொடுப்பது. இடையில் எழுந்து நடக்க ஒரு சாக்கு. கரும்பலகை துடைப்பது போதும். தேர்வில் கூடுதல் நேரம். இவற்றோடு ஒரு தினசரி அட்டை: மூன்றே மூன்று இலக்குகள், ஆசிரியர் மாலையில் டிக் போடுவார், பரிசு வீட்டில். விளையாட்டு நேரத்தைத் தண்டனையாகப் பறிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடியாடுவது இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை.

ஒமேகா-3, நியூரோஃபீட்பேக், மூளைப் பயிற்சி விளையாட்டுகள்?

ஒமேகா-3-இல் பலன் மிகச் சிறியது. மூளை அலைகளைத் திரையில் காட்டிப் பழக்கும் நியூரோஃபீட்பேக்கில், என்ன சிகிச்சை என்று தெரியாதவர்கள் மதிப்பிடும்போது பலன் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. விளையாட்டுகளில் தேர்ச்சி வருவது அந்த விளையாட்டில்தான். பணமும் நேரமும் மிஞ்சியிருந்தால் உங்கள் விருப்பம்.

வளர்ந்தால் சரியாகிவிடுமா?

சிலருக்கு. ஓட்டமும் குதியும் பதின்பருவத்தில் அடங்கும். மறதியும் ஒழுங்கின்மையும் தங்கிவிடும். 25 வயதில் முழு வரையறையும் பொருந்துபவர்கள் சுமார் 15 சதவீதம். ஓரளவு தொல்லை தொடர்பவர்களையும் சேர்த்தால் பாதிக்கு மேல். மருந்து இன்னும் தேவையா என்று ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவரோடு பேசுங்கள். நிறுத்திப் பார்ப்பதென்றால் தேர்வு மாதத்தையும் புதுப் பள்ளியின் முதல் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

அந்த வினாப்பட்டியலை நிரப்பும்போது எனக்கும் எல்லாம் பொருந்துவதுபோல் இருந்தது. எனக்கும் இருக்குமோ?

இருக்கலாம். மரபின் பங்கு அவ்வளவு பெரியது என்பதால், பிள்ளையின் மதிப்பீட்டில் அப்பாவோ அம்மாவோ தங்களை அடையாளம் காண்பது வழக்கமானதே. நீங்களும் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். புள்ளி அட்டவணையை நினைவாக நிரப்புவது, மாத்திரையை ஒரே நேரத்தில் கொடுப்பது, மறு பரிசோதனைத் தேதியை மறக்காமல் போவது இவையெல்லாம் கவனம் சிதறும் பெற்றோருக்குப் பெரும்பாடு. அதுவரை மாத்திரைக்கு ஓர் அலாரம் வையுங்கள்; அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்; வீட்டில் யாருக்கு மறதி குறைவோ அவரிடம் தேதிகளை ஒப்படையுங்கள்.